காவல் மரச்சீனி

கூவைக்காட்டில் மழை பிடித்ததிலிருந்து ஐரினால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கிழங்குக் காட்டைக் காக்கும் நிலையத்தின் ஒற்றை அறைக்குள் வயர்லெஸ் பெட்டிக்கும் ஜன்னலுக்குமாக நடந்துகொண்டே இருந்தாள். ஜன்னலுக்கு வரும்போதெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காது கொடுத்து நிற்பாள். கீழே ரப்பர் மரங்களுக்கு நடுவே தெரிந்த ஓட்டுவீடுகளில் ஒன்றில் அபிஷாவின் கைக்குழந்தை இருந்தது. மூன்று நாள் முன்பு வரை அது அழுதால் மழையையும் மீறி இங்கே கேட்கும். இரண்டு நாளாகக் கேட்கவில்லை.

தூங்குகிறதாக இருக்கும் என்று சொல்லிக்கொள்வாள். சொல்லி வாய் மூடுவதற்குள் மறுபடி எழுந்துவிடுவாள்.

அபிஷா வேறு யாரோ அல்ல. மழை விட்டதும் ஐரினைக் கைப்பிடிக்கப் போகிற டைட்டஸின் தங்கை. பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தவள், பாலம் ஆற்றோடு போனதால் இங்கேயே மாட்டிக்கொண்டாள். தாய்க்குச் சோறு இல்லை. பிள்ளைக்குப் பால் இல்லை. ரேஷன் கடையில் மூட்டைச் சாக்குகள்தான் மிச்சம். வீட்டுப் புறவாசல்களில் நின்ற மரச்சீனி என்கிற மரவள்ளி எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துபோய், ஊர் இப்போது பப்பாளித் தண்டையும் தகரைக் கீரையையும் வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தது.

இத்தனைக்கும் அந்த ஊரின் நடுவில், கம்பி வேலிக்குள், நாற்பது ஏக்கர் மரச்சீனி ஆள் உயரத்துக்கு மேல் தழைத்து நின்றது. ஒவ்வொரு செடியின் மூட்டிலும் தொடை தண்டி கிழங்கு. வேலி நெடுக மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகைகள். வேலியின் சாவி ஐரினின் இடுப்பில்.

நிலையத்து வாசலுக்கு வெளியே, வேலியோரம், குடை பிடித்துக்கொண்டு ஷெர்லி வந்து நின்றாள். டைட்டஸின் அம்மா. இந்தச் சம்பந்தத்தில் அவளுக்கு முழு மனது கிடையாது. மருமகள் அரசாங்க உத்தியோகம் என்பதில் பெருமைதான். என்ன உத்தியோகம் என்று யாராவது கேட்டால்தான் பேச்சை மாற்றிவிடுவாள். ஊர் வாய் ஐரினுக்கு வைத்திருந்த பெயர் வெஷக்காரி.

"மாமி, நனையாதீங்க. உள்ள வாங்க."

"உள்ள வந்து என்ன செய்ய? கடுங்காப்பி போடுவியா? சீனி இருக்கா?"

"இல்ல மாமி."

"அப்பம் இங்கயே நிக்கேன்." ஷெர்லி வேலிக்குள் கண்ணைப் போட்டாள். "மருந்து எப்பம் வரும்?"

"நாளைக்கு ஹெலிகாப்டர் கிளம்பும்னு சொல்லியிருக்காங்க."

"முந்தாநாளும் நாளைக்குன்னுதானே சொன்ன. இந்த நாளைக்கு எனக்க சீவன் இருக்கும்போ வருமா பிள்ளே?"

 ஐரினே தினமும் வயர்லெஸ்ஸில் கேட்கிற கேள்வி அது.

"நான் படிக்காதவ இல்ல, பிளஸ் டூ பாஸ். ஆனா இது மட்டும் மண்டையில ஏறமாட்டேங்குது. திங்கியதுக்குத்தானே கிழங்கு? அதுல எதுக்கு நீங்களே கொண்டு வெஷத்த வச்சிய?"

"நாங்க வைக்கல மாமி. மரச்சீனில எப்பவும் கொஞ்சம் விஷம் உண்டு. அதனாலதானே வேகவச்ச தண்ணிய வடிச்சுக் களையிறோம். இந்த இனத்துல அத நூறு மடங்கா ஏத்தி வச்சிருக்கு. ஏன்னா இது ஏழு வருஷம் மண்ணுக்குள்ளயே கிடக்கணும். அழுகாது, நார் விழாது. நெல்லு விளையாத வருஷம், கப்பல் வராத வருஷம் எடுத்துத் திங்கறதுக்கான இருப்பு. அதுவரைக்கும் பன்னி தோண்டக்கூடாது, எலி கடிக்கக்கூடாது, கள்ளன் வெட்டக்கூடாது. காவலுக்கு ஆள் போட்டு முடியுமா? அதான் காவலைக் கிழங்குக்குள்ளயே வச்சாங்க. நீல மருந்த இலையில அடிச்சா, மூணு நாள்ல அது வேருக்கு இறங்கி விஷத்த முறிக்கும். அப்புறம் தேன் மாதிரி இருக்கும்."

"அப்பம் பூட்டு இங்க. சாவி நாகர்கோவில்ல."

"ஆமா."

"நல்ல ஏற்பாடு" என்றாள் ஷெர்லி. திட்டியிருந்தால் தேவலை. அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே. "அந்தக் கொச்சுப் பிள்ள அழுது பாத்துட்டு விட்டுட்டு, மக்ளே. இப்பம் வாய மட்டும் திறக்குது. சத்தம் வரல."

குடை ஒற்றையடிப் பாதையில் இறங்கிப் போவதை ஐரின் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு ஓடிப்போய் வயர்லெஸ்ஸை எடுத்தாள். தலைமை அலுவலகத்தில் யாரோ தூக்கக்குரலில், "நாளைக்கு மேடம், காத்து கொஞ்சம் அடங்கட்டும்" என்றார்கள்.

டைட்டஸ் வந்தது மதியத்துக்கு மேல். கதவில் சாய்ந்து நின்று தலையைத் துவட்டிக்கொண்டான். அவன்மேல் புகை நாற்றம். ரப்பர் ஷீட்டை உணக்கிக் காயவைக்கிற புகைப்புரைக்குள் அடைந்து கிடந்தவன்போல் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. மழைக்காலத்தில் ஊரில் புகை வருகிற ஒரே இடம் அந்தப் புரைதான். அங்கே அடுப்பு எரிந்தால் யாரும் ஏனென்று கேட்க மாட்டார்கள்.

"இந்த மழையில யாருக்காக ஷீட் போடறீங்க?"

அவன் மடியிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் போட்டான். சுருண்டு கிடந்த கிழங்குத் தோல். ஊர்மரச்சீனியின் தோல் மண்நிறமாக இருக்கும். இது செக்கச்சிவப்பு. கண் தெரியாதவனும் மாறி எடுத்துவிடக்கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வளர்த்த நிறம்.

ஐரின் மேசையிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

"இது எங்க இருந்து?"

"எங்க இருந்து வரும்? மூணு வாரமா வெயில் இல்ல, உனக்க சோலார் வேலியில கரண்டும் இல்ல."

"தொட்டீங்களா?"

"தின்னேன்."

"டைட்டஸ்..."

"ஒரு முழுக் கிழங்கு. நாலு தண்ணி களைஞ்சு வேகவச்சேன். உப்பு மட்டும்தான் இருந்துது. இருந்தாலும் சொல்லணும் ஐரினே, நல்ல மாவு."

"நாலு தண்ணி இல்ல, நாப்பது தண்ணி களைஞ்சாலும் போகாது! எப்ப? எப்பத் தின்னீங்க?"

"இப்பதான். தின்னுட்டு நேரா ஏறி வாறேன். செத்தா உனக்க முகத்தப் பாத்துட்டுச் சாவலாம்லா."

அவள் அவனைப் பிடித்துக் கட்டிலில் தள்ளினாள். மருந்துப் பெட்டியை இழுத்தாள். விஷமுறிவு ஊசி ஒன்றே ஒன்று இருந்தது. அதை முன்கூட்டிப் போடவும் முடியாது. விஷம் ஏறாத உடம்பில் ஏற்றினால் அந்த ஊசியே ஆளைக் கொன்றுவிடும். அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்க வேண்டும். தலைசுற்றல், வாந்தி, மூச்சு வாங்குதல், உதடு கறுத்தல். பயிற்சியில் மனப்பாடம் செய்த வரிசை. ஊசியை ஒரு கையிலும் அவன் நாடியை ஒரு கையிலுமாகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் இப்படிச் செஞ்சீங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லத் தோணலியா?"

"சொன்னா விடுவியா? அம்மா நேத்து ராத்திரியே வெட்டுகத்தி எடுத்துட்டு எறங்கிட்டா. நான் தின்னு பாக்கேன், நான் செத்தா உங்களுக்கெல்லாம் ஒரு வாய் மிச்சம்னு சொல்லுகா. கையப் பிடிச்சு உக்கார வச்சேன். அவளுக்கு முந்தி நான் தின்னுட்டேன். அவ்வளவுதான்." அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அபிஷாவுக்குக் குடுக்கணும்னா யாராவது ஒருத்தர் முதல்ல திங்கணும்லா?"

"தலை சுத்துதா?"

"இல்ல."

"நாக்க நீட்டுங்க. மூச்ச இழுத்து விடுங்க."

"நீ என்ன, பிணம் பாக்க வந்தவ மாதிரி பாக்க? கல்யாணத்துக்குத் தச்ச சட்டை இனி எனக்குப் பெருசு. பிடிச்சுத் தச்சுரு."

"பேசாதீங்க."

அவன் பேசாமல் கிடந்தான். அதுவும் அவளுக்குப் பொறுக்கவில்லை. "பேசுங்க, என்னமாவது பேசுங்க" என்று உலுக்கினாள். ஒருமுறை விக்கல் எடுத்தது. ஊசியின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டாள். அது வெறும் விக்கல்தான். மழை ஓட்டில் அறைந்துகொண்டிருந்தது. அவன் கண்கள் மெல்லச் செருகத் தொடங்கின. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. வரிசையில் மயக்கமும் உண்டு. ஐரின் அலறிக்கொண்டு அவன் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள்.

டைட்டஸ் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். "என்னட்டீ? எத்தன நாளைக்குப் பொறவு வயிறு நெறஞ்சிருக்கு! ஒறக்கம் வராதா?"

சொல்லிவிட்டு மறுபடி சாய்ந்து குறட்டை விட்டான்.

அவள் அவன் நாடியை விடவில்லை. அது நிதானமாக, வயிறு நிறைந்த மனிதனின் நாடியாக அடித்துக்கொண்டிருந்தது. உதடு கறுக்கவில்லை. ஒரு ஆட்டைக் கொல்ல இந்தக் கிழங்கில் ஒரு துண்டு போதும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். இவன் ஒரு முழுக் கிழங்கு தின்றிருக்கிறான். வெளியே வெளிச்சம் சாய்கிறவரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்போதுதான் வேறு ஒன்று அவள் நினைவுக்கு வந்தது. விஷத்தின் அளவு பார்க்கிற சோதனைத் தாள்களைக் கேட்டு அவள் இந்த இரண்டு வருடத்தில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் ஒரே பதில், கையிருப்பு இல்லை.

பயம் போன இடத்தில் சந்தேகம் வந்து உட்கார்ந்தது.

அவள் வயர்லெஸ்ஸைத் திருப்பினாள். இந்த முறை மாவட்ட இருப்பு அதிகாரி பரமார்த்தலிங்கத்தின் தனி எண்ணுக்கு.

"சார், கூவைக்காட்டுல ஒருத்தர் காவல் கிழங்கத் தின்னுட்டார்."

 அவர், "எப்படி இருக்காரு?" என்று கேட்டார். கேட்ட விதத்தில் பதற்றம் இல்லை. எல்லாவற்றையும்விட அதுதான் ஐரினைச் சுட்டது.

"குறட்டை விடறார் சார்."

பெருமூச்சு. "உங்க பக்கத்துல வேற யாராவது இருக்காங்களாம்மா?"

"அவர்தான் இருக்கார். சொல்லுங்க சார். விஷம் இல்லியா?"

"முதல் நடவுல இருந்துது. ஒரு கடி கடிச்ச பன்னி அங்கேயே விழுந்துது. அதுக்கப்புறம் பன்னிங்க குட்டிக்கும் சொல்லிக்குடுத்துட்டு. இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் வேலிப்பக்கம் வரல. ஆனா மரச்சீனி விதை போட்டு முளைக்கற சாதனம் இல்லையே. கம்ப வெட்டித்தானே நடறோம். அந்தக் கம்புல இருந்து கம்பு, அதுல இருந்து கம்பு... மாத்தி மாத்தி நட்டதுல கசப்பு இறங்கிப்போச்சு. சிவப்புத் தோல் நின்னுட்டு, விஷம் போயிட்டு. நாலு வருஷத்துக்கு முந்தியே கண்டுபிடிச்சாச்சு."

"அப்ப அந்த நீல மருந்து?"

"தண்ணி. கொஞ்சம் சாயம்."

 டைட்டஸ் எப்போது விழித்தானோ, கட்டிலில் முழங்கையூன்றிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"யார் யாருக்குத் தெரியும் சார்?"

"எனக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும். கோபப்படாம யோசிங்கம்மா. எழுபது இருப்புக்காடு இருக்கு மாவட்டத்துல. விஷம் இல்லன்னு ஒரு ஆளுக்குத் தெரிஞ்சா போதும். ஒரு வாரத்துல லாரி வச்சு அள்ளிட்டுப் போயிருவான். அப்புறம் கோடையில கடல்கரை ஊருக்கெல்லாம் நான் எதக் குடுப்பேன்? பலகைதான் இப்ப காவல். அந்தப் பயம்தான் நம்ம களஞ்சியம்."

"இங்க ஒரு குழந்தை அழக்கூட முடியாமக் கிடக்கு. தினமும் நாளைக்கு நாளைக்குன்னீங்களே!"

"ஹெலிகாப்டர் நிஜமாவே வரும்னுதான் நினைச்சேன். மேல கேட்டேன், அனுமதி வரல." அவர் குரல் உடைந்தது, நடிப்பு இல்லை. "ஒண்ணு செய்யுங்க. மருந்து வந்துட்டுன்னு சொல்லுங்க. துணிக்குப் போடற சொட்டு நீலத்தக் கலக்கி அடிச்சிருங்க. மூணு நாள் கழிச்சு வேலியத் திறங்க. யாருக்கும் ஒண்ணும் தெரியாது."

"மூணு நாளா?"

"உடனே திறந்தா சந்தேகப்படுவாங்களே."

ஐரின் கருவியைக் கீழே வைத்தாள்.  டைட்டஸ் எழுந்து வந்து பக்கத்தில் நின்றான்.  

"ஏன் பேசாம இருக்கீங்க? திட்டுங்க."

"எதுக்கு? நீ அறிஞ்சா செஞ்ச?"

"நாலு நாள் முன்னாடியே நான் ஒரு துண்டக் கடிச்சுப் பாத்திருந்தா..."

"நீ கடிக்கமாட்ட. பலகையில எழுதினத நம்பற சாதி நீ. அதுக்குத்தான் உன்ன இங்க போட்டிருக்கு." அதை அவன் குத்தலாகச் சொல்லவில்லை, அவளுடைய முகத்தை ஒரு கணம் உள்ளங்கையால் தாங்கினான். "பிள்ளைக்கு மூணு நாள் இருக்கா ஐரினே?"

இல்லை. அது இருவருக்கும் தெரியும். ஒரு பொய்யை ஒழுங்காகச் சொல்லி முடிக்க மூன்று நாள் வேண்டும். உண்மைக்கு ஒரு சாவி போதும்.

அவள் மழையில் இறங்கி ஓடினாள். வேலிக்கதவின் பூட்டு துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. டைட்டஸ் கல்லால் தட்டினான். சத்தம் கேட்டு ஒவ்வொரு வீடாக ஆட்கள் வெளியே வந்தார்கள். வேலிக்கதவு திறந்து கிடந்ததைப் பார்த்தும் ஒருவரும் உள்ளே காலெடுத்து வைக்கவில்லை. அத்தனை வருடப் பயம். மழையில் நனைந்துகொண்டு பலகைகளைப் பார்த்தபடி நின்றார்கள்.

"மருந்து வந்துட்டா?" என்றார் ஒருவர்.

"மருந்து வேண்டாம். இதுல விஷமே இல்ல. டைட்டஸ் தின்னிருக்கார், பாத்துக்கோங்க, நல்லா நிக்கார். எனக்கும் இன்னைக்குத்தான் தெரியும்."

கூட்டம் அசையவில்லை. அப்புறம் ஷெர்லி குடையை மடக்கினாள். மகனை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். முதுகில் ஒரு அடி போட்டாள். "எனக்கிட்ட ஷீட் உணக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போன நீ!" பிறகு சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வேலிக்குள் நடந்தாள். முதல் மூட்டைப் பிடித்து ஆட்டி இழுத்தாள். ஈர மண்ணிலிருந்து சிவப்புக் கிழங்குகள் கொத்தாக எழும்பி வந்தன.

அதற்குமேல் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. ஆனால் அத்தனை பசியிலும் ஒன்றை ஐரின் பார்த்தாள். கிழங்கைப் பறித்தவர்கள் தண்டை வீசி எறியவில்லை. சாண் நீளத்துக்கு வெட்டி, பறித்த குழியிலேயே குத்தி, காலால் மண்ணை மிதித்துவிட்டுத்தான் அடுத்த மூட்டுக்குப் போனார்கள். ஒரு ஆள் மறந்துவிட்டு நகர்ந்தபோது, "லேய், கம்ப நட்டுட்டுப் போலே, அடுத்த வருஷம் உனக்க அப்பனா கொண்டுவருவான்?" என்று ஷெர்லி சத்தம் போட்டாள். பயம்தான் களஞ்சியம் என்ற அதிகாரி இதைப் பார்த்திருக்க வேண்டும் என்று ஐரினுக்குத் தோன்றியது.

அபிஷாவுக்குக் குழைய வேகவைத்து, உப்புப் போட்டு மசித்து, ஷெர்லியே ஊட்டினாள். முதல் கவளத்தில் அபிஷா அழுதாள். இரண்டாவதை அவசரமாக விழுங்கிப் புரையேறினாள். "மெதுவா, மெதுவா" என்று தலையில் தட்டிக்கொண்டே இருந்தாள் தாய். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை மாரில் வாய் வைத்தது. சப்பிப் பார்த்துவிட்டு விட்டது. மறுபடி வைத்தது. பிறகு கோபத்தோடு சிணுங்கியது. சத்தம் ரொம்பச் சின்னதுதான். வீட்டிலிருந்த எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தார்கள்.

ஐரின் சிரிக்கவில்லை. அவள் முன்னால் வைத்த தட்டும் அப்படியே இருந்தது. எழுந்து வாசலில் போய் நின்றாள்.

"என்ன பிள்ளே? திங்கல்ல?" என்றாள் ஷெர்லி.

"மாமி, மலையில இன்னும் பதினோரு நிலையம் இருக்கு. அங்கெல்லாமும் மருந்துக்குக் காத்துட்டு இருப்பாங்கல்லா?"

டைட்டஸ் தட்டை வைத்துவிட்டு எழுந்தான். இருவரும் மேடேறினார்கள். வயர்லெஸ்ஸில் எல்லா நிலையமும் ஒரே நேரத்தில் கேட்கிற பொது அலைவரிசையைத் திருப்பியபோது, தனி எண்ணில் பரமார்த்தலிங்கத்தின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"கூவைக்காடு ஐரின் பேசறேன். எல்லாரும் கேளுங்க. மருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். காவல் கிழங்குல விஷம் இல்ல. மருந்துங்கிறது வெறும் தண்ணி. எங்க ஊர்ல எல்லாரும் தின்னாச்சு. நீங்களும் வேலியத் திறங்க."

இரைச்சல். மழை.  தன் பேச்சு போய்ச் சேரவில்லையோ என்று மறுபடி ஒருமுறை சொன்னாள்.

அப்புறம் ஒரு பெண்குரல், தயங்கித் தயங்கி வந்தது. "அக்கா, மடத்துப்பாறை. நாங்க... நாங்க ஒரு வாரமாத் திங்கோம்."

"என்ன?"

"ஒரு கெழவர் பசி தாங்காம எடுத்துத் தின்னுட்டாரு. ஒண்ணும் ஆகல. எங்க காட்டுல மட்டும் ஏதோ கோளாறுன்னு நினைச்சேன். வெளிய சொன்னா வேலை போயிருமேன்னு, சொட்டு நீலத்தக் கலக்கி அடிச்சு, மருந்து வந்துட்டுன்னு சொன்னேன்."

"சொட்டு நீலமா?" என்று ஓர் ஆண்குரல் இடையில் புகுந்தது. "சூரலோடை பேசறேன். எனக்கு அது கிடைக்கல. பள்ளிக்கூடத்துப் பேனா மையக் கலக்கினேன். ரெண்டாம் நாளே திறந்துட்டேன், பிள்ளைகள் கத்தல் தாங்கல."

அதற்குப்பின் ஒவ்வொருவராக வந்தார்கள். கூச்சத்தோடு, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு. ஒருவர் நாய்க்குப் போட்டுப் பார்த்திருந்தார். ஒருவர் மாமியாருக்கு என்று சொல்லவந்து நிறுத்திக்கொண்டார். எல்லோரும் தங்கள் காட்டில் மட்டும்தான் பூட்டு கெட்டுவிட்டது, மற்ற காடுகள் பத்திரம் என்று நம்பி, மூடி மறைத்து, ஊரைக் காப்பாற்றியிருந்தார்கள். கட்டளைக்குக் கீழ்ப்படிந்து, கைக்கெட்டும் தூரத்தில் சோற்றை வைத்துக்கொண்டு ஊரைப் பட்டினி போட்டவள் அவள் ஒருத்திதான்.

டைட்டஸ் அவள் தோளில் கை வைத்தான். அவள் அதைத் தட்டிவிடவில்லை, ஏற்கவும் இல்லை.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா" என்றது மடத்துப்பாறை. "ஆனா பொது வரியில சொல்லியிருக்க வேண்டாம். கீழ லாரிக்காரனுக்கும் காது உண்டு. இனிமே ராத்திரியெல்லாம் நாமதான் முழிச்சு இருக்கணும்."

"இருப்போம்" என்றாள் ஐரின். "இத்தன நாள் பலகை முழிச்சு இருந்துது." சொல்லிக்கொண்டே விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். பேசியவர்கள் பத்துப் பேர். "ஏலமுடி? ஏலமுடி கேக்குதா? அனில்தாஸ் சார்?"

ஏலமுடியின் காவலர் அனில்தாஸ் பட்டாளத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். போன வருடம் புதுக் காவலர்களுக்கு ஐரின் வகுப்பு எடுத்தபோது அவளிடம்தான் படித்தார். அவளைவிட இருபது வயது மூத்தவர், முன்வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்து அவள் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் உதட்டசைவில் திருப்பிச் சொல்லிப் பார்ப்பார்.

"கேக்குது மேடம்." குரல் மெலிந்திருந்தது, விறைப்பு குறையவில்லை. "எல்லாம் கேட்டேன்."

"சார், வேலியத் திறந்துட்டீங்களா?"

"இல்ல மேடம்."

"திறங்க சார். உங்க ஊர்ல சாப்பாடு இருக்கா?"

"இல்ல மேடம். சனங்க வேலிக்கு வெளிய நிக்கிறாங்க. நான் உள்ள நிக்கேன். துப்பாக்கி இருக்கு. மருந்து அடிக்காத கிழங்கைத் தொட விடமாட்டேன்."

"அதுல விஷம் இல்ல சார். நான் சொல்றேன், ஐரின்."

"குரல் உங்க குரல் மாதிரிதான் இருக்கு. ஆனா மேடம், பயிற்சியில நீங்கதான் சொன்னீங்க. மருந்து இல்லாமத் திறக்கலாம்னு கலெக்டர் சொன்னாலும் நம்பாதே, என் குரல்லயே யாராவது சொன்னாலும் நம்பாதே, பசி வந்தா எல்லாரும் பொய் சொல்லுவாங்கன்னு. நான் அத மறக்கல மேடம்."

அவள் அப்படித்தான் சொல்லியிருந்தாள். பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த வரியை அதிகாரி பாராட்டினார்கூட.

பின்னால் கூட்டத்தின் இரைச்சல் கேட்டது. யாரோ கம்பியைப் பிடித்து உலுக்கும் சத்தம். அனில்தாஸ் "பின்னால போ! பின்னால போ!" என்று கத்துவது கேட்டது. பிறகு கருவி அணைந்தது.

"ஏலமுடிக்கு எவ்வளவு தூரம்?" என்றான் டைட்டஸ். ஏற்கெனவே டார்ச்சைத் தேடிக்கொண்டிருந்தான்.

"பாலம் இல்லாமப் போனா, முகடு ஏறி இறங்கணும். இப்பக் கிளம்பினா விடியறப்போ."

"அப்பம் நட."

கீழே வந்தபோது ஷெர்லி வாசலில் நின்றாள். விஷயத்தை இரண்டு வாக்கியத்தில் கேட்டுக்கொண்டாள். அடுப்படிக்குப் போய், வெந்த கிழங்கைத் தோல் உரிக்காமல், சிவப்பு தெரிகிற மாதிரியே, வாழையிலையில் வைத்துக் கட்டினாள். அதை மகனிடம் கொடுக்கவில்லை. ஐரினின் கையில் கொடுத்தாள்.

"அந்தப் பட்டாளக்காரர் சொல்லுக்கு மடங்கற ஆளு இல்ல. கண்ணால கண்டா நம்புவாரு. நீயே அவருக்கு முன்னால நின்னு தின்னு."

"சரி மாமி."

"மாமி இல்ல, இனி அம்மான்னு கூப்பிடு." சொல்லிவிட்டு, அது தன் வாயிலிருந்து வந்ததா என்று அவளுக்கே சந்தேகம் வந்ததுபோல் அவசரமாகத் திரும்பி அபிஷாவின் போர்வையைச் சரிசெய்யப் போனாள். போனவள் ஐரினின் தட்டைப் பார்த்தாள். கிழங்கு ஆறிப்போய், தொடாமல் கிடந்தது. "இதென்ன, ஒரு வாய்கூட வைக்கல்லியே! காலையிலேருந்து பச்சத்தண்ணி. அந்த மேட்ட எப்படி ஏறுவ? தின்னுட்டுப் போ மக்ளே."

ஐரின் தட்டைப் பார்த்தாள். வாயில் நீர் ஊறியது. கையை நீட்டியவள் மடக்கிக்கொண்டாள்.

"வேண்டாம்மா. வயிறு நெறஞ்சவ நடிச்சுத் திங்கறதுக்கும் பசிச்சவ நெசமாத் திங்கறதுக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். அவரும்தானே பட்டினி கிடக்கார்."

இலைப்பொதியை மழைச்சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு அவள் முகட்டுப் பாதையில் ஏறத் தொடங்கினாள். பொதியின் சூடு பசியைக் கிளறியது. அவள் நடையை எட்டிப் போட்டாள்.